சாப்பாட்டைப் பற்றி எழுதிச் சம்பாதிக்க: ஃப்ரீலான்ஸ் உணவு, வாழ்வியல் பத்திரிகையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உணவைப் பற்றி எழுத வேண்டும் என்று வருகிற பலர் மனதில் இருப்பது, ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்லும் வேலை. அதற்கு இன்று யாரும் காசு தர மாட்டார்கள். கையில் செல்போன் உள்ள எல்லோரும் அதை இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். பத்திரிகைகளும் இணைய இதழ்களும் காசு கொடுத்து வாங்குவது செய்தியை. யார் சமைக்கிறார்கள், பொருள் எங்கிருந்து வருகிறது, விலை ஏன் ஏறியது, இந்தப் பண்டம் ஏன் இந்த ஊரில் மட்டும் இருக்கிறது என்று விசாரித்து எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது. இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவருக்கானது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டிலுமோ எழுத நினைப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு களம் பிடியுங்கள்

'உணவு' என்பது களம் ஆகாது, அது கடல். 'சென்னை பிரியாணிக் கடைகள்' என்பதும் வேண்டாம், அங்கே ஏற்கெனவே நெரிசல். ஒரு மாவட்டம், ஒரு சமூகத்தின் சமையல், ஒரு மூலப்பொருள், ஒரு தொழில் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். விருதுநகர்க்காரர் என்றால் எண்ணெய் பரோட்டாவும் எண்ணெய் மில்களும் வத்தல் வியாபாரமும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கின்றன. நாகர்கோவில் என்றால் தீயலும் ரசவடையும் நேந்திரங்காய் வறுவலும் இருக்கின்றன. அந்த மண்ணின் பேச்சும் உறவும் தெரிந்தவருக்கு ஒரு அடுப்பங்கரைக்குள் நுழைவது எளிது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அங்கே நுழையவே ஒரு வாரம் ஆகும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஜொனாதன் கோல்ட் 2007-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார். உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அவர் எழுதியவற்றில் பெரும் பகுதி, குடியேறி வந்தவர்கள் நடத்திய சின்னச் சின்னக் கடைகளைப் பற்றியது. இளம் வயதில் பிகோ என்கிற ஒரே சாலையில் இருந்த கடைகளில் வரிசையாகச் சாப்பிட்டு முடிப்பது என்று கிளம்பியவர் அவர். ஒரு சாலையே போதுமான களம்தான்.

வாழ்வியல் பகுதிக்கும் இதே கணக்கு. 'ஃபேஷன்', 'வீட்டு அலங்காரம்' என்று பொதுவாகச் சொன்னால் எடிட்டர் கண்ணில் நிற்காது. ஆத்தங்குடி டைல்ஸ், பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், கண்டாங்கிச் சேலை என்று கைவேலையைப் பிடித்துப் போனால் அதன் வழியே வீடு, உடை, திருமணம், கூலி என எல்லாம் வந்துவிடும்.

களம் தேட ஒரு நல்ல இடம் சொல்கிறேன். ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று தரும் சான்றுதான் புவிசார் குறியீடு. இந்தியா முழுமைக்குமான அதன் பதிவகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனிப் பஞ்சாமிர்தம் (இரண்டும் 2019), கோவில்பட்டி கடலை மிட்டாய் (2020), மணப்பாறை முறுக்கு (2023) என ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தின் விவரங்களைப் பதிவகத்தின் இதழில் இணையத்திலேயே படிக்கலாம். செய்முறை, எல்லை, வரலாற்றுச் சான்று, விண்ணப்பித்த சங்கம் எல்லாம் அதில் இருக்கும். அதில் சொல்லப்பட்ட வரலாற்றை அப்படியே நம்பிவிட வேண்டாம், அது விண்ணப்பதாரர் தரப்பு வாதம். ஆனால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பழைய இதழ்களும் சமையல் புத்தகங்களும் பார்க்கவேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உணவு எழுதுகிறவர்களில் அந்தப் படி ஏறாதவர்களே அதிகம்.

விசாரிப்பது: கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம்

இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உடன்குடிக் கருப்பட்டி பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போய் ஒரு வில்லை வாங்கிக் கடித்துப் பார்த்து 'மண் மணம்' என்று எழுதுவது ஒரு வகை. அப்படி எழுதிய கட்டுரைகள் ஏற்கெனவே மலையாகக் கிடக்கின்றன.

விடியுமுன் பனங்காட்டுக்குப் போங்கள். பனையேறி பாளையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுகிறார், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு எப்படித் தடவுகிறார் என்று பாருங்கள். சுண்ணாம்பு சரியாகப் படாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் அந்த விரல் நுனிச் சுண்ணாம்பு ஒரு சட்டப் பிரச்சினையும்கூட. பிறகு விடிலிக்கு வாருங்கள். பதநீரைக் காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மணிக்கணக்கில் புகையில் நின்று, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். 'பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?' என்று அங்கே நின்று கேட்டால் வரும் பதிலை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். நம்மவர்களுக்குக் கூச்சம் வரும் இடம் இது. ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை முறை ஏற்றம், மரத்துக்காரருக்கு என்ன பங்கு, வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார், முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, மரத்திலிருந்து விழுந்தால் யார் பார்ப்பார்கள், பருவம் இல்லாத மாதங்களில் என்ன வேலை. அதே வில்லை சென்னைக் கடையில் என்ன விலை என்று போய்ப் பாருங்கள். இரண்டு விலைக்கும் நடுவில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

அடுத்து கலப்படம். கருப்பட்டியில் சீனி கலப்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் ஒரு கடையின் பெயரைப் போட்டு எழுத வேண்டுமானால் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை எத்தனை மாதிரி எடுத்தது, முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. பொட்டலத்தில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு ஃப்ரீலான்ஸருக்கும் பொருந்தும். நிறுவனத்தின் வக்கீல் உங்களுக்காக வருவார் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

'கருப்பட்டி சாப்பிட்டால் சுகர் ஏறாது' என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சர்க்கரை நோயாளிக்கு ஏறத்தான் செய்யும். சொன்னவர் பெரியவர் என்பதற்காக அதை எழுதிவிட்டால் படித்துவிட்டு ஒருவர் காபியில் போட்டுக் குடிப்பார். உடல்நலம் பற்றிய எந்த வரியையும் ஒரு மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அதேபோல 'ராஜா காலத்து ரெசிபி' கதைகள். தூத்துக்குடி மக்ரூன் போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆவணம் எது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். 'என்று சொல்லப்படுகிறது' என்று எழுதித் தப்பிப்பதைவிட, அந்தக் கதையை யார் முதலில் சொன்னது என்று தேடிப் போனால் அதுவே தனிக் கட்டுரையாகும்.

கட்டுரை வந்ததும் பேசியவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. அடுத்த பருவத்தில் 'தம்பி, இந்த வருசம் பாளையே வரல' என்ற முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

கையில் காட்ட நாலு கட்டுரை

'இதுவரை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?' என்றுதான் எடிட்டர் முதலில் கேட்பார். எங்கேயும் எழுதவில்லை என்றால் மூன்று நான்கு கட்டுரைகளை முழுசாக விசாரித்து எழுதி உங்கள் சொந்தப் பக்கத்தில் போட்டு வையுங்கள். ஒன்று ஒரு மனிதரைப் பற்றி, ஒன்று ஒரு தொழிலைப் பற்றி, ஒன்று ஒரு பிரச்சினையைப் பற்றி இருக்கட்டும். ரெசிபி ஒன்று போதும். இதழியல் பட்டம் கட்டாயம் இல்லை.

பிட்ச் எழுதுவது

பிட்ச் என்பது கட்டுரை யோசனையை எடிட்டரிடம் முன்வைக்கும் கடிதம். 'கருப்பட்டி பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா சார்?' என்பது பிட்ச் இல்லை. அதற்கு எடிட்டர் 'எழுதி அனுப்புங்க, பார்க்கலாம்' என்பார். பார்க்க மாட்டார். நல்ல பிட்ச்சில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: கதை என்ன, ஏன் இப்போது, யாரைச் சந்திக்கப் போகிறீர்கள், ஏன் நீங்கள். இப்படி:

'வணக்கம் மேடம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பனையேறிகளின் வருமானம் மாறியிருக்கிறதா என்று விசாரித்து 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன். பதநீர்ப் பருவம் பங்குனியில் சூடுபிடிக்கும். அப்போது மூன்று விடிலிகளிலும் ஒரு மொத்த வியாபாரியிடமும் பேச ஏற்பாடு செய்திருக்கிறேன். தோட்டத்தில் வாங்கும் விலை, சென்னைக் கடை விலை இரண்டையும் ஒப்பிடும் பெட்டிச் செய்தியும் படங்களும் சேர்த்துத் தருகிறேன். நான் திருச்செந்தூர்க்காரன். இதே பகுதியின் உப்பளத் தொழிலாளர் உணவு பற்றி எழுதிய கட்டுரையின் இணைப்பு கீழே.'

இவ்வளவுதான். செல்போன் திரையில் ஒரு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த இடம். ஒரே பிட்ச்சை ஒரே நேரத்தில் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பாதீர்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

தமிழில் வார இதழ்கள், பெண்கள் இதழ்கள், நாளிதழ் இணைப்புகள் என்று வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் நாளிதழ்களின் நகரப் பக்கங்கள், பயண இதழ்கள் தவிர, கோயா ஜர்னல், தி லோகவோர் போன்று உணவுக்கென்றே உள்ள இந்தியத் தளங்கள் இருக்கின்றன. எங்கே அனுப்பினாலும் அவர்களுடைய பழைய கட்டுரைகளைத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். போன மாதம் வந்ததையே அனுப்புகிறவர்கள்தான் அதிகம் என்று எடிட்டர்கள் புலம்புவது நியாயமானதே.

நேரமும் முக்கியம். தீபாவளி மலர் வேலை ஆடியிலேயே தொடங்கிவிடும். மார்கழி சபா கேன்டீன் பற்றி டிசம்பரில் பிட்ச் அனுப்பினால் ஏற்கெனவே ஆள் போட்டிருப்பார்கள், அக்டோபரில் கேட்க வேண்டும். நோன்புக் கஞ்சி, ஆடிப்பெருக்குச் சித்ரான்னம், குமரி மாவட்டக் கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லாவற்றையும் ஒரு நாள்காட்டியில் மூன்று மாதம் முன்தள்ளிக் குறித்து வையுங்கள். சில படங்களை இந்த வருடம் எடுத்து வைத்தால்தான் அடுத்த வருடம் கட்டுரை எழுத முடியும்.

பணம்

சன்மானம் பற்றிப் பேசாமல் இருப்பதே இந்தத் துறையின் பெரிய வியாதி. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கட்டுரைக்கு 4,000 ரூபாய். ரயிலும் பஸ்ஸும் 1,200, ஒரு இரவு தங்க 1,000, சாப்பாடு 500. மிச்சம் 1,300. போக, பேச, எழுத, எடிட்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாலு நாள். ஒரு நாளைக்கு 325 ரூபாய். இப்படியே போனால் ஆறு மாதத்தில் ஆசை தீர்ந்துவிடும்.

அதே பயணத்தில் மூன்று வேலை எடுத்து வாருங்கள். தமிழ் இதழுக்குப் பனையேறிகளின் வருமானம், ஆங்கிலத் தளத்துக்கு விடிலிப் பெண்களைப் பற்றி நீண்ட கட்டுரை, ஒரு பயணப் பக்கத்துக்குப் படக் கட்டுரை. 4,000, 8,000, 2,500 என்று வைத்தால் 14,500. செலவு அதே 2,700. மிச்சம் 11,800, ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு இரண்டாயிரத்துக்குக் கிட்டே வரும். ஒரே கட்டுரையை மொழிபெயர்த்து மூன்று இடத்தில் விற்பதை நான் சொல்லவில்லை, அது பிடிபட்டால் மூன்று கதவும் மூடும். குறிப்பேடு ஒன்று, கட்டுரைகள் வெவ்வேறு.

வேலையைத் தொடங்கும் முன் மின்னஞ்சலில் ஐந்து விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: தொகை, சொல் எண்ணிக்கை, கெடு, பயணச் செலவு யாருடையது, பிரசுரமாகாவிட்டால் என்ன தருவார்கள். போனில் பேசியிருந்தால், 'நாம் பேசியபடி' என்று தொடங்கி நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பிரசுரமான அன்றே இன்வாய்ஸ் அனுப்புங்கள், பான் எண்ணும் வங்கி விவரமும் சேர்த்து. ஒரு இதழ் எனக்கு ஒரு தீபாவளிக் கட்டுரைக்கான பணத்தை அடுத்த ஆடியில் கொடுத்தது, கேட்டதற்கு 'அக்கவுன்ட்ஸ்ல ஆள் மாறிட்டாங்க' என்றார்கள். இது யாருக்கும் நடக்கும்.

இதற்கு ஒரு ஆயுதம் உண்டு. சிறு, குறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு பெற்றவருக்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும். சரி, புகார் கொடுத்தால் அந்த இதழில் அடுத்த கட்டுரை வருமா? சந்தேகம்தான். ஆனால் இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினாலே சில கணக்குப் பிரிவுகள் கொஞ்சம் வேகமாக நடக்கின்றன.

ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. பயண ரசீதுகளைச் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு முறை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

பதிப்புரிமையைக் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியராக இல்லாமல் எழுதியவரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை எழுத்தில், கையெழுத்துடன் மாற்றிக் கொடுத்தால்தான் அது கைமாறும். எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 5 ஆண்டு, எந்தப் பகுதிக்கு என்று இல்லாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்று நீட்டப்படும் தாளில் குறைந்தபட்சம் புத்தக உரிமையையாவது உங்களுக்கு விடச் சொல்லிக் கேளுங்கள். பல சமயம் கேட்டால் விட்டுவிடுகிறார்கள். ரெசிபி எழுதுபவர்களுக்கு ஒன்று: பொருள்களின் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடைப்பது அரிது, அதை விவரித்த உங்கள் நடைக்குத்தான் பாதுகாப்பு. அடுத்தவர் நடையை எடுக்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

ஓசிச் சாப்பாடும் கவரும்

புதிய உணவகம் திறக்கிறார்கள், அழைப்பு வரும், சாப்பாடு இலவசம், கிளம்பும்போது பையில் பணம் வைத்த ஒரு கவர். பத்திரிகை உலகில் கவர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாங்காதீர்கள். சாப்பாட்டை மறுக்க முடியாத சூழல் என்றால் கட்டுரையில் 'உணவகத்தின் அழைப்பில் சென்றது' என்று ஒரு வரி போடுங்கள். விடிலியில் ஒரு பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரை மறுப்பது வேறு கதை, அதை மறுத்தால்தான் மரியாதைக் குறைவு.

காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பதை மறைப்பது இப்போது சட்டப் பிரச்சினையும்கூட. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் தவறான விளம்பரப் பரிந்துரைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. சமூக ஊடகத்தில் பணமோ பொருளோ பெற்றதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் வெளியிட்டது.

அப்படியானால் மசாலா கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம், நிறையப் பேர் வீட்டு வாடகை கட்டுவதே அதில்தான். ஆனால் அந்தக் கம்பெனியைப் பற்றியோ அதன் போட்டியாளரைப் பற்றியோ பத்திரிகையில் எழுதாதீர்கள், எடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புத்தகத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு, ஆவணப்படத்துக்கான கள ஆய்வு, உணவு நடை வழிகாட்டி வேலை ஆகியவை இதைவிடச் சிக்கல் குறைந்த பக்க வருமானங்கள்.

உணவக விமர்சனம் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். நியூயார்க் டைம்ஸில் 1957-இல் உணவுப் பகுதி ஆசிரியராக வந்த கிரெய்க் கிளெய்போர்ன் ஒரு முறையை நிலைநிறுத்தினார்: அடையாளம் காட்டாமல் போவது, பல முறை போவது, பில்லைப் பத்திரிகை கட்டுவது. இங்கே ஃப்ரீலான்ஸருக்கு அந்தப் பில்லை யாரும் கட்டப்போவதில்லை. ஒரு முறை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒரு கடையின் பிழைப்பைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதைவிட, அந்த வேலையை எடுக்காமல் விடுவதே மேல்.

படமும் மொழியும்

செல்போன் கேமரா போதும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். இலையை மேலிருந்து எடுத்த படம் எல்லோரிடமும் உண்டு, கையும் முகமும் அடுப்பும் உள்ள படத்துக்குத்தான் லே-அவுட்டில் இடம் கிடைக்கும். முகம் தெரிகிறவரிடம் அனுமதி கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

'நாவில் நீர் ஊறும்', 'சுவையோ சுவை', 'அம்மா கைமணம்' மூன்றையும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பா அரிசியில் செய்தது, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு வைப்பார்கள், விறகு அடுப்பின் புகை மூடியைத் திறந்ததும் முதலில் வரும் என்று எழுதினாலே படிப்பவருக்குப் பசிக்கும்.

வேலையை எப்போது விடுவது

அவசரப்படாதீர்கள். மாதாந்திர வருமானம் உள்ள வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் விசாரித்து எழுதத் தொடங்குங்கள். தானாகவே கூப்பிட்டு வேலை கொடுக்கும் எடிட்டர் இரண்டு பேராவது இருக்க வேண்டும், கையிருப்பில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ரீலான்ஸருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது, காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலியும் கிடையாது. வீட்டில் உள்ளவர்களிடம் எந்தெந்த மாதம் வரவு வறண்டிருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தை, மாசி பெரும்பாலும் மந்தம். தீபாவளியை ஒட்டி எழுதியதற்கான பணமும் பாதி அப்போது வந்து சேர்ந்திருக்காது. பங்குனியில் பதநீர் தொடங்கும்போது பயணச் செலவுக்குக் கையில் காசு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.